நாய் படுத்த மேடு

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
உருளைக்குள் நானூற்றைம்பது.
நடுவில் ஓர் இரும்புத் தகடு,
கரி படிந்த கண்ணாடித் துளை,
ஆறிப்போன தேநீரோடு நான்.

பெச்சோரா ஆற்றுக்கு வடக்கே
பனி இறுகினால்தான் சதுப்பு லாரியைத் தாங்கும்.
அதனால் நடுக்குளிரில் வெட்டுகிறார்கள்.
கறுத்த பாளங்கள் வந்து விழும்:
பனிக்கட்டி, பாசி, எண்ணெய்,
மூன்றும் பழைய கடன்போல் ஒன்றையொன்று விடாமல்.

குழாய் வெடித்த வருடம் எனக்கு ஆறு வயது.
எண்ணெய் மேல் பனி விழுந்தது.
மறுநாள் பனி மேல் எண்ணெய் ஏறியிருந்தது.
வகுப்பு ஜன்னலில் மூக்கை அழுத்தி
எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டினோம்.
நான் பனி பக்கம்.

சல்லடையில் பித்திரீம்.
உலை விழுங்கக் கூடாததை எல்லாம் பொறுக்குவான்:
வேர்க்கட்டை, வால்வு மூடி,
ஒரு கலைமான் கொம்பு,
வலையில் கட்டும் மரமிதவை ஒன்று.
யாரும் சொல்லாமலே
பலகை மேல் வரிசையாக வைக்கிறான்.
மிதவையில் மூன்று கீறல், குறுக்கே ஒன்று.
ரோச்செவ் வீட்டுக் குறி.
ரோச்செவ் வீட்டார் இப்போது
சிக்திவ்காரில் ஒன்பதாம் மாடி.
அங்கே என்ன மீன்?

உருளை சுற்றுகிறது.
முதலில் எழுந்து போவது நீர்.
அதை அனுப்பிவைக்கவே பாதி எரிபொருள்.
அப்புறம் பெட்ரோல்,
பந்தி முடியுமுன் கைகழுவும் ஆள்.
பின்னால் மண்ணெண்ணெய்,
மண்ணை விட்டுப் போகிறது,
பெயரில் மட்டும் மண்ணை எடுத்துக்கொண்டு.
டீசல் கொஞ்சம் தயங்கும்.
கடைசியில் தார்,
வாடகையும் தராமல் வீட்டையும் விடாமல்
முப்பது வருடம் குடியிருந்தவன்.
அவனுக்காகத்தான் இந்த நானூற்றைம்பது.

போனவர்களையும் சும்மா விடுவதில்லை.
மேலே இன்னோர் அறை, தொள்ளாயிரம் பாகை.
ஆவிக்கும் அங்கே ஒரு முறை சாவு.

இத்தனையும் விரட்ட எரிவது டீசல்.
முள்ளை முள்ளால் எடுக்கிறோம் என்பார் மேலாளர்.
முள்ளுக்கு ரசீது உண்டு,
லிட்டர் கணக்கில், என் கையெழுத்தோடு.

மறுமுனையில் மண் கொட்டுகிறது.
செங்கல் நிறம். மாவுபோல் லேசு.
தூசி பறக்காமலிருக்க நீர் தெளிப்போம்,
புஸ்ஸென்று புகை எழும்.
முதல் நாள் முகமூடியை இறக்கி
மூக்கை நீட்டினேன்.
சூட்டு மண்ணில் நீர் விழுந்தால்
எழ வேண்டிய அந்த வாசம்...
எழவில்லை.
இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.
ஈர இரும்பு மணத்தது. அவ்வளவுதான்.

சோதனைச் சாவடி அக்னியாதான் சொன்னாள்:
அது மண்ணின் வாசமே இல்லை ரிம்மா,
மண்ணுக்குள் குடியிருக்கும் கண்காணா உயிர்களின் வாசம்.
அவையும் இதே வாசல் வழியாகத்தான் போயின.
சொல்லிக்கொண்டே எழுதினாள்:
எண்ணெய், கண்டறியப்படவில்லை.
மற்றதையும் எழுதேன் என்றேன்.
படிவத்தைத் திருப்பிக் காட்டினாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

சுத்தமான மேட்டில் பனி ஒட்டுவதில்லை.
ஊரெல்லாம் வெள்ளை, அது மட்டும் சிவப்பு.
முகாமின் ஒற்றைக்காது நாய்
இதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.
இரவெல்லாம் உச்சியில் சுருண்டு படுக்கும்.
விடியலில் எழுந்து உதறும், முடி பறக்கும்.
பிறகு நிதானமாக இறங்கி
வடக்கு ஓரத்தில் காலைத் தூக்கும்.
தினமும் அதே இடம்.

மாதிரி கெட்டுவிடும் என்று
அக்னியா அந்த ஓரத்தைச் சுற்றிப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை பலகையைக் காலிசெய்யச் சொன்னார்கள்.
கொம்பை பித்திரீம் எடுத்துக்கொண்டான்.
மிதவையை நான் கோட்டுக்குள் செருகி வந்து
வடக்கு ஓரத்தில்
பாதி புதையும்வரை அழுத்தினேன்.
நாய் முகர்ந்து பார்த்தது.
ஒப்புக்கொண்டது, தன் வழியில்.

மே கடைசியில் பனி இளகும்.
எனக்கு அப்போது விடுமுறை இல்லை.
ஆனாலும் முதலில் அங்கேதான் போய்
குனிந்து பார்க்க வேண்டும்,
மூக்கால்.