நரம்பு எங்கே பிரிகிறது

வெர்மான்ட்டில் ஜூலை.
லாபெர்ஜ் வீட்டுக்குப் பின்னால்
முழங்கால் உயரப் பச்சைக்குள் நான் குனிந்ததிலிருந்து
மனிதர் பேசவில்லை.
இடுப்பில் கை, பல்லிடுக்கில் ஒரு புல்.

அவருக்கு வேண்டியது ஒரு கொட்டகை.
படகு மோட்டார்களைப் பிரித்துப் போட
ஒரு கூரை, அவ்வளவுதான்.
எனக்கு வேண்டியது ஒரு கோடு:
நிலம் முடிந்து
சதுப்பு தொடங்கும் இடம்.

மூன்று வாரமாக மழையில்லை.
மண் காய்ந்து பொய் சொல்கிறது.
ஆகவே பெரணியிடம் கேட்கிறேன்.

"நியூயார்க் பெரணிதானே," என்றார் கடைசியில்,
"மேட்டுக் காடெல்லாம் அதுதான்."
காடெல்லாம் அதுதான், மறுக்கவில்லை.
ஆனால் அது இரு முனையும் தேய்ந்து போகும்;
கீழே வர வரச் சிற்றிலை சுருங்கித்
தரையருகே பூனை மீசை அளவுதான் மிஞ்சும்.
இது சுருங்கவில்லை.
கடைசி ஜோடியும் கையை அகல விரித்தே நிற்கிறது.
அதற்குக் கீழே வெறுங்காம்பு, நெடுக,
அடியில் மட்டும் கறுப்பு.

போதாது.
மாசசூசெட்ஸ் பெரணி என்று ஒன்று உண்டு,
இதே நிற்பு, இதே மெலிவு.
அதுவும் ஈரம் தேடுவதுதான், கோடு மாறாது;
இருந்தாலும் பெயர் பெயர்தான்.

ஒரு சிற்றிலையைக் கிள்ளி
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
லென்ஸுக்குள்
நடுநரம்பிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு கோடும்
ஓரத்தை எட்டுமுன் இரண்டானது.
பக்கத்தில் வித்து சுமந்த மடல் ஒன்று,
ஓரங்களைப் பின்னால் மடித்து
பொட்டுகளை மூடிக்கொண்டிருந்தது,
சில்லறையைப் பொத்திய கை மாதிரி.

சதுப்புப் பெரணி.
சொன்னேன். எழுதினேன்.

அவர் கை நீட்டினார், லென்ஸுக்கு.
நகக்கண்ணில் கிரீஸ்.
நெடுநேரம் பார்த்தார்.
கொசு ஒன்று அவர் கழுத்தில் உட்கார்ந்து
சாவகாசமாகக் குடித்தது.
"பெட்ரோல் குழாய் மாதிரி," என்றார்,
"ஒன்று வந்து இரண்டாகப் போகிறது."

ஆல்டர் கிளையில் ரோஜா நிற நாடா கட்டினேன்.
நாடாவிலிருந்து விறகடுக்கு வரை
அவர் நடந்து அளந்தார். பதினோரு எட்டு.
திரும்பி நடந்தார். மறுபடியும் பதினொன்றே.

லென்ஸைத் திருப்பித் தரும்போது,
என்னைப் பார்க்காமல்,
"ஏப்ரலில் டிராக்டர் இங்கேதான் புதைந்தது.
அச்சு வரைக்கும்."

அதை நான் படிவத்தில் சேர்க்கவில்லை.
பெரணி ஏற்கெனவே சொல்லியிருந்தது.