தோள்பட்டை

முதலில் வலித்தது தோள்பட்டைதான்.
இடது தோளின் நுனி.
நண்டு உடைப்பவளுக்குத் தோள் வலிப்பதெல்லாம் ஒரு செய்தியா?
ஒரு ஷிப்டுக்கு நானூறு கால்,
முழங்கை வரை உப்புநீர்.
பக்கத்து மேசை ரோசல்பா தைலம் தேய்த்துவிட்டாள்.

கணக்குப்படி ஏழு வாரம்.
நிவால்டோவிடம் சொல்லவில்லை,
ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்தேன்.

போர்வெனிரில் அன்று அடித்த காற்றில்
தகரக் கூரைகள் பல்லைக் கடித்தன.
துறைமுகம் மூடியாயிற்று.
நீரிணையில் படகு கிடையாது.
அறுவை அரங்கு அக்கரையில்.
இரவில் அந்த ஊரின் வெளிச்சம் தெரியும்,
தெரிந்து என்ன?

வயிற்றுக்குள் கசிகிற இரத்தம்
தோளில் போய்ப் புகார் சொல்லுமாம்.
நரம்புக்கு விலாசம் குழம்பிவிடுமாம்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
காற்று அசந்த இருபது நிமிடத்தில்
ஒரு சின்ன விமானம் என்னை அள்ளிக்கொண்டு போனது,
அது மட்டும் நினைவிருக்கிறது.

கண் விழித்ததும் டாக்டர் யாஸ்னா
தாளில் இரண்டு கோடு இழுத்தார்.
"இது உன் கருக்குழாய். உள்ளே பழைய தழும்பு.
கரு நடுவழியில் நின்றுவிட்டது."
எங்கள் ஊர்க்காரிக்கு
இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தழும்பு எப்படி?
கிளமிடியா, என்றார். உறவில் தொற்றுவது.
ஏதோ பூச்செடியின் பெயர்போல் இருந்தது.
எப்போது?
அது தேதி போட்டு வைக்காது, என்றார்.

பத்தொன்பது வயதில் நடாலெஸில் ஒரு குளிர்காலம் இருந்தேன்.
ஒரு லாரிக்காரன். நல்லவன்தான்,
சாப்பிடும்போதுகூட விசிலடிப்பான்.
அவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
அரிப்பில்லை, எரிச்சலில்லை,
ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லை.
அப்போதே தெரிந்திருந்தால்
ஒரு வாரத்து மாத்திரை போதுமாம்.
ஒரு வாரம்.

நிவால்டோ ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்:
யாரிடமிருந்து?
உன்னிடமிருந்தாகவும் இருக்கலாம், என்றேன்.
மறுநாள் இருவரும்
ஆளுக்கொரு சிறுநீர்க் குப்பியோடு
ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்,
நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்கள்போல.

இன்னொரு குழாய் மிச்சமிருக்கிறது, வலப்பக்கம்.
அதன் வானிலையை யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கென்று வைத்த சொல்லை
எங்கே இறக்கி வைப்பதென்று எனக்கும் தெரியவில்லை.

உடைமாற்றும் அறையில் புதுப் பெண் ஒருத்தி,
பதினெட்டு இருக்கும்,
ரப்பர் பூட்ஸை இழுத்துக்கொண்டே கேட்டாள்:
பரிசோதனையா, எனக்கெதற்கு?
எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே.

எனக்கும்தான், என்றேன்.
பத்து வருடம்.