காரணம் என்னும் கட்டம்

பாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
பிலோமினா த/பெ ராயப்பன், நாற்பத்தேழு,
இடக் காதுக்குக் கீழே மூன்று சென்டிமீட்டர்.
காரணம்?
பேனாவை என் கையில் விட்டுவிட்டுத் தாதி
பினாங்கு மழையைச் சாத்தப் போகிறாள், ஜன்னல் ஜன்னலாக.

பக்கத்து நாற்காலி கூ அங்கிளுக்குக் கல்.
நாக்கடிக் குழாயில், பச்சரிசி அளவு.
ஆயர் ஈத்தாமில் அசாம் லக்சா வாசம் ஏறினாலே போதும்,
"எல்லாருக்கும் வாயில் ஊறும், எனக்குத் தாடையில்."
கை வைத்துக் காட்டுகிறார்: முட்டை மாதிரி எழும்புமாம்,
அரை மணியில் அடங்குமாம்.
இந்தத் தீவில் பிறந்து புளிக்குப் பயந்தால்
அப்புறம் எங்கே போய் வாழ்வது?
அப்படித்தான் எழுதினாராம். டாக்டர் அடித்துவிட்டு
'அடைப்பு' என்று போட்டார்.

எதிரே மக் சிக் ஸைனாப். ஊற்று வற்றிய வாய்.
தண்ணீர் இல்லாமல் ரொட்டி இறங்கி ஒன்பது வருஷம்.
வற்றிய சுரப்பியில் மூன்று முறை சீழ்;
நாலாவதற்கு அவள் காத்திருப்பதாக இல்லை.

எனக்கு வலி கிடையாது. அதுதான் சிக்கல்.
பதினோரு வருஷம் வாடகை தராமல் குடியிருந்தது.
பட்டர்வொர்த் ஃபெர்ரியில் காற்று முடியைத் தூக்கினால்
கை தானாகப் போய் மூடும்.
"வாயில் என்ன, மிட்டாயா?" என்ற குழந்தைக்கு
ஆமாம் என்றேன்.

டாக்டர் அஸ்லினா காகிதத்தில் ஒரு கிளை வரைந்தார்.
நெற்றிக்கு, இமைக்கு, கன்னத்துக்கு, உதட்டுக்கு, கழுத்துக்கு.
கட்டியை ஒட்டித்தான் போகிறது முகத்தின் நரம்பு.
சிரிப்பு கோணலாம், கொஞ்ச நாள்; ஒருவேளை நெடுநாள்.
இப்போது சாது. விட்டுவைத்தால் சிலருக்குக் குணம் மாறும்.
"விசில் அடியுங்கள்."
அடித்தேன்.
சின்ன வயதில் அடித்ததற்கு அப்பா அறைந்தார்,
இதே கன்னத்தில்.

பாயான் லெப்பாஸில் என் வேலை
நுண்ணோக்கியில் சில்லு பார்ப்பது.
மார்ச்சில் ஓர் இரவுப் பணி. இரண்டு மைக்ரான் தூசு.
தள்ளினேன்.
கண்ணை எடுத்தபோது விரல் காதடியில் இருந்தது.
இரண்டு மைக்ரானுக்கு இரங்காதவள்
மூன்று சென்டிமீட்டரைப்
பதினோரு வருஷமாகப் பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

எச்சில் கை, எச்சில் இலை, எச்சில் பண்டம்:
சொல்லும்போதே முகம் சுளிக்கிற மொழி நம்முடையது.
மக் சிக் ஸைனாப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்.
பேச்சுக்குப் பேச்சு ஒரு மிடறு தண்ணீர்.

தாதி வந்துவிட்டாள்.
'கட்டி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஏழு மாதமாகிறது.
சிரிப்பு நேர்தான், உதட்டோரம் மட்டும் கொஞ்சம் தாமதம்.
பாலிக் பூலாவ் ஜாதிக்காய் ஊறுகாயைக் கடித்தால்
இடக் கன்னம் வியர்க்கிறது.
உமிழ்நீருக்குப் புறப்பட்ட நரம்பு
வழி தப்பி வியர்வை வீட்டுக் கதவைத் தட்டுகிறதாம்.
கைக்குட்டையை மடியில் விரித்துக்கொண்டு
இன்னொரு துண்டு கடிக்கிறேன்.