எழுத்தில் பிழையில்லை

குன்மிங் மருத்துவமனை, நான்காம் தளம்.
மெழுகில் புதைத்த சதைத்துண்டை
தௌ யுன்லான் சீவுகிறாள்,
வெங்காயத்தோல் தடிமன் என்று சொல்லவைக்கும் சீவல்.
வெந்நீர்த் தொட்டியில் அது மிதக்க
கண்ணாடித் தகட்டில் ஏந்திக்கொள்கிறாள்,
தூங்கும் குழந்தையின் கன்னத்துப் பருக்கையை எடுப்பதுபோல.

சீட்டில் பெயர்: பான் குய்லியான். வயது ஐம்பத்து மூன்று.
ஊர்: ஷ்வான்வெய்.
புகைப்பழக்கம்: இல்லை.
அந்த 'இல்லை'க்கு அடியில் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள்,
நம்பாதவர்களுக்காக.

அந்த ஊர்க் கரி யுன்லானுக்குத் தெரியும்.
வீட்டு நடுவில் குழி, குழியில் கங்கு,
உத்தரத்தில் உப்பிட்ட பன்றித்தொடை.
தொடைக்கும் அடுப்படிப் பெண்ணுக்கும் ஒரே புகை.
தொடையை மூன்று வருடத்தில் இறக்கிவிடுவார்கள்.

சாயம் ஏற நாற்பது நிமிடம். பிறகு பழுப்பு.
நல்ல செல்லின் விளிம்பில் மெல்லிய கோடு தெரியும்,
ஆறிய தேநீர் கோப்பையில் விட்ட வளையம் மாதிரி.
இங்கே கோடில்லை.
ஒவ்வொரு செல்லையும் சுற்றி
முற்றிய வெல்லப்பாகு.
டாக்டர் ஷியா 'இரண்டு' என்று மதிப்பெண் போட்டார்.
யுன்லான் பேசாமல் தகட்டை மறுபடி வைத்தாள்.
பார்த்தார். அடித்தார். 'மூன்று'.

வரிசையைப் படித்தவர்கள்
எழுத்தில் பிழையில்லை என்று எழுதியனுப்பியிருக்கிறார்கள்.
அதுதான் சங்கடம்.
பிழையென்றால் விரல் வைத்துக் காட்டலாம்.
இந்த மரபணு
தனக்கு விதித்ததையே சொல்கிறது:
'காது ஒன்று செய்.'
செல்லின் தோலில் ஒரு காது,
'வளர்' என்பதைக் கேட்க.
குய்லியான் தாய்வயிற்றில் கிடந்தபோது
இரண்டு மொட்டைக் கிளையாக்கி, கிளையைச் சுள்ளியாக்கி
மூச்சுக்கு மரம் வளர்த்த கூட்டத்தில்
இந்தச் சொல்லும் இருந்தது.
பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது.
எங்காவது புண் ஆறவேண்டுமென்றால் மட்டும்
ஒரு வார்த்தை.

நம் இலக்கணத்தில் இதற்குக் கணக்குண்டு.
பதற்றத்தில் ஒரு சொல்லை அடுக்கலாம்:
தீ தீ. பாம்பு பாம்பு பாம்பு.
நான்கு வரை போகலாம், அதற்குமேல் ஆகாது.
செல்லுக்கு யார் சொல்லித்தருவது?
காது காது காது காது காது காது
உடம்பெல்லாம் காதானபின்
அடுத்த வீட்டுக் கிசுகிசுப்பும் கட்டளையாகிவிடுகிறது.
யாருமே சொல்லாதபோதும்
கேட்கிறது.

மறுநாள் இருட்டறை.
ஒரு செல்லுக்குப் பச்சைப்புள்ளி இரண்டு,
சிவப்புப்புள்ளி இரண்டு என்பது வழக்கம்.
பச்சை மூன்று இருந்தது.
சிவப்பு, மிளகாய் விதையைத் தட்டிக் கொட்டியதுபோல்.
திரளாகத் தெரிந்தால் 'பதினைந்துக்கு மேல்' என்று
எழுதிவிட்டுப் போகலாம், படிவம் அனுமதிக்கிறது.
அவள் எண்ணினாள்.
பதினொன்றில் கண் வழுக்கி, முதலிலிருந்து.
பத்தொன்பது.
அடுத்த செல். இருபத்திரண்டு.
யாரும் கேட்கப்போவதில்லை இந்தக் கணக்கை.

பதினேழு வயதுவரை
அவளும் அந்தக் கங்கருகேதான் பாடம் படித்தாள்.
தன் மார்பைப் பற்றி அவள் நினைப்பதில்லை.
நினைப்பதில்லை என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

ஐந்தரைக்குத் தொலைபேசி.
"பான் குய்லியானின் மகள். முடிவு வந்ததா?"
"டாக்டர் சொல்வார்."
"அம்மா சிகரெட்டைத் தொட்டதேயில்லை."
"டாக்டர் சொல்வார்."
"நல்ல மாத்திரை இருக்கிறதாமே, இந்த வகைக்கு?"
"டாக்டர் சொல்வார்."
"பிழையாக இருக்குமோ? வேறு யாருடையதாவது?"
"டாக்டர் சொல்வார்."
அப்புறம் அந்தப் பக்கம் பேச்சில்லை,
கெட்டில் கொதிக்கும் ஓசை மட்டும்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
யுன்லான் ஐந்தாம் முறையும் சொன்னாள்.