எழுபதாம் பிரிவு

பேச்சிப்பாறை மதகு திறந்த மூன்றாம் நாள்
வைக்கலூரில் கரை உடைந்தது.
உதவிப் பொறியாளர் போனில் சொன்னார்:
'கெட்டும் ஓய், பேப்பர் பொறவு வரும்.'
டென்னிசன் கட்டினார்.
பேப்பர் வரவில்லை.
பொறியாளர் தர்மபுரிக்கு மாறிப்போனார்,
அவருடைய நம்பரும் மாறிப்போனது.

என்னிடம் அவர் கொண்டுவந்தது ஒரு பிளாஸ்டிக் கவர்.
உள்ளே சித்திரங்கோட்டுக் குவாரி ரசீதுகள்,
மிக்சர் வாடகைச் சிட்டை,
வெள்ளம் இறங்கியபின் எழுதிய அளவுப் புத்தகத்தின் நகல்,
மனைவியின் சங்கிலி போன அடகுச் சீட்டு.
ஒப்பந்தம் என்று ஒரு வரி கிடையாது.
அரசோடு வாய்ப்பேச்சு ஒப்பந்தம் ஆகாது.
நிற்காது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஆராம்பாக் நினைவுக்கு வந்தது.

நான் பார்த்திராத ஊர். வங்காளம், யுத்தகாலம்.
அதிகாரி கேட்டார், காண்டிராக்டர் கட்டினார்:
சரக்குக் கொட்டகைகள், ஒரு மண்சாலை,
காவலாளிக்கு அறை,
குமாஸ்தாக்களுக்கு அறை, ஒரு சமையல்கட்டு.
உள்ளே குடியேறி உலை வைத்த பிறகு
அரசு சொன்னது, ஒப்பந்தமே இல்லையே.
அறுபத்தொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது:
இல்லைதான்.
வேண்டாமென்று மறுத்திருக்கலாம்.
ஏற்றாய், அனுபவித்தாய்,
ஈடு கொடு.

அந்தச் சமையல்கட்டின் ஓர் ஓடுகூட
இன்று மிஞ்சியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.
தீர்ப்பு மட்டும் ரயிலேறி
மாநிலம் மாநிலமாய் இறங்கி
பில் பாஸாகாதவர்களின் கோப்புகளில்
உட்கார்ந்து எழுகிறது.

குழித்துறைக் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர்
அதே பிரிவை மறுமுனையில் பிடித்தார்.
சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு:
அயலான் சொத்தைத் தீயிலிருந்து காத்தவன்
இலவசமாய்ச் செய்தானென்று சூழ்நிலை காட்டினால்
கூலி கேட்க முடியாது.
'சுவருக்குப் பின்னால் முதல் வீடு யாருடையது?'
'எனக்க வீடுதான்.'
'அப்படியானால் உம் வீட்டுக்காகக் கட்டினீர்.'
மின்விசிறி மட்டும் சுற்றியது.
ஆட்சேபம் என்று நான் எழுந்திருக்க வேண்டும்.
எழவில்லை.
எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது.

டென்னிசன் கூண்டின் கைப்பிடியைத் தடவினார்,
பூச்சு சரியா என்று பார்ப்பவர்போல.
'எனக்க வீட்டுக்கு எட்டு மீட்டர் போரும்.
நூத்திப்பத்து கெட்டியிருக்கேன்.'

பதினான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு.
வென்றோம்.
நூற்றிரண்டு மீட்டருக்கு ஈடு.
எட்டைக் கழித்தார்கள், அவர் வாயால் சொன்ன எட்டு.
அடித்தளத்துக்குப் பணம் இல்லை;
அளந்த நாளில் அது தண்ணீருக்குள் இருந்ததால்
அளவுப் புத்தகத்தில் இல்லை.
டென்னிசன் கைகுலுக்கினார்.
விரலிடுக்கில் அப்போதும் சிமெண்ட் வெடிப்பு.
'சங்கிலி வரும்,' என்றார்,
'தாலி வராது, அது வேற சீட்டு.'
அந்தச் சீட்டை அவர் கவரில் வைத்திருக்கவில்லை.

மார்ச்சில் ஆறு ஒடுங்கியபோது தனியாகப் போனேன்.
அடித்தளம் வெளியே தெரிந்தது,
பாசி காய்ந்த கருங்கல், இடுப்பளவு ஆழம்,
யாரும் அளக்காத அத்தனையும்.
தொட்டால் சூடு.
சுவர்மேல் நெடுக
யார் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது:
பள்ளிச் சீருடை, கைலி, நைட்டி,
பஞ்சாயத்து வாட்ச்மேனின் காக்கிச் சட்டை.
அரசுக்குச் சொந்தமான சட்டை, அரசுக்கு விலை தெரிந்த சுவர்.
பயனை அனுபவித்தல் என்று சட்டம் சொல்வது
இவ்வளவு ஈரமாய் இருக்குமென்று
நான் எந்த வாதத்திலும் சொன்னதில்லை.

எந்த எட்டு மீட்டர் அவருடையது என்று
நடந்து பார்த்தேன்.
சுவரில் கோடு எதுவும் இல்லை.
டென்னிசன் வீட்டு வாசலுக்கு நேராக
யாரோ பக்கத்து வீட்டுக்காரி
பாய் உதறிப் போட்டிருந்தாள்.

மேல்முறையீட்டுக்கு
இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.