உலர்ந்தது

கொல்லம் ஆயிரத்து எண்பத்தேழு, தை இருபத்தெட்டு.
குளச்சல் துறை ஆபீசில் நான் இரண்டாம் ரைட்டர்.
கப்பல் சட்டத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட
சம்பளத்துக்கு மேல் மாதம் அரை ரூபாய்.

ஏழு பேர் தரையில் குந்தியிருந்தார்கள்.
சீக்கிரம் முடியும் என்றார் செராங்கு,
காற்று திரும்புகிறதாம்.
வாசித்தேன்:
ஆளொன்றுக்கு முப்பத்தாறு கன அடி இடம்.
"அது எம்பிடு ரைட்டரே?" என்றான் கைத்தான்.

மேசைக்கடியில் கோல் வைத்துக் காட்டினேன்.
ஆறடி நீளம், மூன்றடி அகலம்,
உயரம் இரண்டடி.
உள்ளே தவழ்ந்து படுத்துப் பார்த்தான்.
முழங்காலை மடக்க, பலகையில் இடித்தது.
"பெட்டியில வச்சு ஆணியடிக்காம இருந்தாச் சரி."
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்தான்.
வெள்ளைக்காரனுக்கு எழுபத்திரண்டு என்று
அடுத்த வரியில் இருந்தது.
அதை வாசிக்க யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழிந்தால்
தினம் ஓர் அவுன்ஸ் எலுமிச்சைச் சாறு.
மறுத்தால் அபராதம்.
"எங்க கெணத்தடியில கெடந்து அழுகுது,
அதுக்கும் அபராதமா?"

பெருவிரலை மசியில் தோய்த்து ஒவ்வொருவராக வைத்தார்கள்.
தூண்டில் கயிறு எப்போதோ அறுத்த கோடு
கைத்தானின் ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு
காகிதத்தில் வெள்ளையாய் விழுந்தது.

மதியம் சரக்கு ஏறியது.
பனைநார், முந்நூற்று நாற்பது கட்டு.
அலையில் வள்ளம் ஒருக்களித்து ஒருக்களித்து
நாலு தடவை தண்ணீர் கோரியது.
பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.
நனைந்த நார் அடுக்குக்குள் சூடேறும்,
அறைக்காற்றைத் தின்னும்.
கிட்டங்கியில் அப்படியொரு கட்டுக்குள் கைவிட்டு
சுட்டுக்கொண்டவன் நான்.
பதிவேட்டில் ஒரு கட்டம்: சரக்கின் நிலை.
முந்தைய பக்கம் முழுக்க ஒரே சொல்.
அதையே இறக்கினேன்.
ஏஜெண்டு ஒரு சுருட்டு தந்தார்.
கைக்கூலி என்று சொல்ல முடியாது,
ஒரே ஒரு சுருட்டு.

ஆடியில் உறை வந்தது.
சலேத்தாள் கடவத்தை இறக்கக்கூட இல்லை;
தலையில் மீனோடு நின்றாள்.

மாசி இருபது.
கீழறையில் கட்டுகளைப் புரட்ட இறங்கிய இருவரில் ஒருவர்.
மூச்சு முட்டி.
கடலில் அடக்கம்.
கம்பளி ஒன்று, சட்டை இரண்டு,
செபமாலை போட்ட தகரச் செப்பு ஒன்று,
பாய்மரத்தடியில் ஏலம் விட்ட வகையில்
மூன்று ரூபாய் இரண்டணா.
கழிவு: எலுமிச்சைச் சாறு மறுத்தது,
பதினொரு நாள்.

"நில்லுங்க" என்றாள்.
"அந்தச் சாறுல சாராயம் கலப்பாவளா?"

கலப்பார்கள். கெடாமலிருக்க.
நூற்றுக்குப் பதினைந்து பங்கு என்று
எனக்கு மனப்பாடம்.

"அப்பம் சரி.
தபசு காலம் முடியாம தொடமாட்டேன்னு
காணிக்கை மாதாவுக்கு நேந்திருந்தாரு."
விரலை மடக்கி எண்ணினாள்,
சாம்பல் புதனிலிருந்து.
பதினொன்று சரியாக வந்தது.
"முறிக்கல்ல பாத்தேரா" என்றாள்,
கப்பித்தான் கையெழுத்துப் போட்டு
சாட்சி சொன்னதுபோல.

"வேற எதும் எழுதியிருக்கா?"

கடைசி வரி இருந்தது.
ஏற்றிய துறையில் சரக்கு உலர்ந்தது என்று பதிவாகியிருப்பதால்
கப்பலார் மேல் பொறுப்பில்லை,
குடும்பத்துக்கு ஈடு இல்லை.

அவள் கேட்டாள்.
இந்தத் தடவை கேட்கத்தான் செய்தாள்.

"இல்ல" என்றேன்.

பணம் பெற்றதற்குக் குனிந்து விரல் வைத்தாள்.
கடவத்திலிருந்து மீன்தண்ணீர்
பதிவேட்டின் மேல் சொட்டியது.
அவள் படியிறங்கிப் போனபின்
ஒற்றுத்தாளை எடுத்து அழுத்தினேன்.
அடுத்த பக்கத்துக்கும் இறங்கியிருந்தது.
அதையும் அழுத்தினேன்.
விளக்கேற்றப் பியூன் வந்தபோது
கையை எடுக்கவில்லை இன்னும்.