ஏழாம் மாடிப் படிக்கட்டு

மார்சிலிங் வாடகை வீட்டில்
தண்ணீர் வருகிறது, மின்சாரம் வருகிறது.
வேலை மட்டும்
ரொக்கியா அக்காவின் கதவிடுக்கில்
கசிந்து வரவேண்டும்.

கடவுச்சொல் அவர் பூனையின் பெயர்.
போன மாதம் செத்துப்போனது.
மாற்றவில்லை.
தினமும் அதைக் கூப்பிட்டுத்தான்
உள்ளே போகிறேன்.

மூன்று மணிக்கு நேர்காணல்.
மேலே இஸ்திரி போட்ட சட்டை,
கீழே கைலி,
தீயணைப்புக் குழாய்ப் பெட்டிமேல் கைபேசி.

"பின்னால் என்ன சத்தம், மிஸ்டர் தணிகைவேல்?"
மின்தூக்கி.
"பக்கத்து வீட்டில் ரெனவேஷன்" என்றேன்.

"சரி, உங்கள் பலம் என்ன?"

பார்த்தேன்:
ஒரு கோடு.

வாய் திறந்தபடியே உறைந்துபோனாள் அந்தப் பெண்.
நான் பேசிக்கொண்டே இருந்தேன்,
பதினாறு வருட ஸ்டோர் அனுபவத்தை
சுவரிடம்.

கதவு திறந்தது.
செருப்புகளுக்கு நடுவே
ரவுட்டரை வைத்துவிட்டுப் போனார் அக்கா,
வயர் எட்டிய தூரம்.